தடிமன்

விடியக் கிளிநொச்சியில் பஸ் ஏற வேண்டும். இரண்டு சாரம், துவாய், சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் பையில். மாமாவுக்கு இதய பைபாஸ் சத்திரசிகிச்சை.

அப்போதுதான் தும்மினார். பிறகு இன்னொன்று.

பேரனின் தடிமன். முன்பள்ளி தந்த பரிசு.

"உதைச் சொல்லிப்போடாதை பிள்ளை, திகதி போயிடும்."

மாதக்கணக்காய்க் காத்திருந்த மனிசன். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். தள்ளிப்போட்டார்கள்.

இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்துச் செய்யும் சத்திரசிகிச்சை உடம்பில் அழற்சியைக் கிளப்பும். அதோடு வைரசும் சேர்ந்தால் நிமோனியா வரலாம், செயற்கைச் சுவாசத்தில் நாட்கள் நீளலாம். கொரோனா வந்தவர்களுக்கு, அவசரமில்லை என்றால் 7 வாரம் பொறுக்கச் சொல்லி 2021 இல் அறிவுறுத்தினார்கள். சாதாரணத் தடிமன்தானே என்று நானும் நினைத்தவள்தான்.

மாமா விறாந்தையில் மல்லித் தண்ணியோடு, என்னோடு கதையில்லை. பேரன் யன்னலுக்கு வெளியே நின்று கை காட்டுகிறான்.

பை இன்னும் வாசலில்.