எவான்ஸ் காம்பிட்: ஏழாவது நகர்த்தல்

மூன்று மாதமாக எவான்ஸ் காம்பிட் பழகுகிறேன். சதுரங்கத்தில் வெள்ளை ஒரு சிப்பாயைப் பலி கொடுத்துத் தொடங்கும் ஆட்டம் இது. வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி, கட்டங்களின் பெயரில் சொன்னால்: இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, பிஷப் சி5. நாலாவதாக பி4 என்று சிப்பாயை நீட்ட வேண்டும். எதிராளி வெட்டினால் சி3, பிறகு டி4. ஒரு சிப்பாய் போனாலும் நடுப்பலகை நம் கைக்கு வரும். 1995-இல் ரிகாவில் காஸ்பரோவ் இதை ஆடி ஆனந்தை 25 நகர்த்தலில் வென்ற ஆட்டம்தான் எனக்கு இந்த ஆசையை ஊட்டியது. ஆனந்த் பிஷப்பை இ7-க்கு இழுத்தார். எனக்கு எதிரே இருந்த பெரியவர் ஏ5-க்குப் போனார்.

ஒரு போட்டியின் நாலாவது சுற்று அது. டி4 வைத்தேன், அவர் டி6. நான் யோசிக்காமல் கேஸ்லிங் செய்து ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்தினேன். அவர் அமைதியாக பிஷப்பை பி6-இல் வைத்தார். வாங்கிய சிப்பாயைத் திருப்பிக் கொடுத்து நிலையைச் சமாளிக்கும் லாஸ்கர் தற்காப்பு! இ5-இல் வெட்டினேன், அவரும் வெட்டினார், ராணிகள் இரண்டும் டி8-இல் போயின, என் குதிரை இ5 சிப்பாயை எடுத்தது. பத்து நகர்த்தலில் சிப்பாய்க் கணக்கு ஆறுக்கு ஆறு. ஆனால் என் ஏ2, சி3 இரண்டும் துணையில்லாத தனிச் சிப்பாய்கள். அவருக்கோ அந்தப் பக்கம் மூன்று சேர்ந்து நின்றன. 31-இல் சி3 விழுந்தது, 46-இல் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தேன்.

"ராணியை முதல்ல பி3-க்குக் கொண்டு வந்திருக்கணும் தம்பி, அப்ப எனக்குத்தான் சிரமம்," என்றார்.

ஒரு வாரம் அந்த நிலையிலேயே உட்கார்ந்தேன். ராணி பி3 வந்தால் சி4 பிஷப்போடு சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கும். கறுப்பு ராணி இ7-க்கோ எஃப்6-க்கோ வந்து காத்தால், உடனே டி5! சி6 குதிரை நகர்ந்ததும் ராணி ஏ4 செக். ஏ5 பிஷப் போச்சு. டி7-க்கு வந்தால் மட்டும் அந்தச் செக் இல்லை, ராணியே குறுக்கே நிற்கிறது. இதை நானே கண்டுபிடித்த இரவு தூக்கம் வரவில்லை.

ஏழாவது சுற்றில் எதிராளி ராணி இ7 ஆடினார். டி5 வைக்கும்போது கை நடுங்கியது. ஒரு காய் கிடைத்தது, 34-இல் வெற்றி.

இப்போது பார்ப்பது கறுப்பு ராணி டி7-க்கு வரும் பதிலை. டி4 சிப்பாயால் இ5-இல் வெட்டினால் கறுப்பு பிஷப் பி6-க்குப் போய், குதிரை ஏ5-இல் வந்து ராணியையும் பிஷப்பையும் சேர்த்துத் தாக்கும். அதற்கு முன்பே குதிரையை டி2-இல் வைத்துப் பார்க்கிறேன்.