காட்ஸ்வோல்ட் ஏரிகள்: சரளை வெட்டிய பள்ளங்களில் ஒரு ஏப்ரல்

இங்கிலாந்தில் ஸ்விண்டன், சைரன்செஸ்டர் என்ற ஊர்களுக்கு நடுவே தேம்ஸ் நதி இன்னும் ஓடை அளவில்தான் ஓடுகிறது. அதைச் சுற்றி 150க்கும் மேற்பட்ட ஏரிகள். எல்லாமே மனிதன் வெட்டியவை. பனியுகத்தில் காட்ஸ்வோல்ட் குன்றுகளிலிருந்து அடித்து வரப்பட்ட சுண்ணாம்புச் சரளையை 1920களிலிருந்து இங்கே தோண்டி எடுக்கிறார்கள். தோண்டும்வரை பம்பு வைத்து நீரை இறைப்பார்கள். பம்பை நிறுத்தினால் நிலத்தடி நீர் ஏறிக் குழி நிரம்பிவிடும். பல ஏரிகளை இன்றும் எண் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார்கள்.

போகிறவர்கள் முதலில் கிரிக்லேடில் உள்ள நார்த் மெடோ புல்வெளியைப் பாருங்கள். இது தோண்டப்படாமல் தப்பிய இடம். ஏப்ரலில் ஃபிரிட்டிலரி என்ற காட்டுப்பூ பூக்கிறது. குனிந்து பார்த்தேன்: தலைகவிழ்ந்த சின்ன மணி, இதழ் முழுக்க லுங்கித் துணிபோல ஊதாக் கட்டங்கள். குளிர்கால வெள்ளமும் கோடையில் புல் அறுப்பும் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து உருவாக்கிய மண் இது. சரளைக்காக அதை வழித்துவிட்டால் எந்த ஏரியும் அதற்கு ஈடாகாது.

ஆனால் குழிகளை வெறும் அழிவு என்றும் தள்ளிவிட முடியவில்லை. வேலை நடக்கும் ஒரு குழியின் வேலியோரம் நின்றபோது பட்டாணி உப்புக்கொத்திப் பறவை கண்ணில் பட்டது. நம் ஊர் ஆற்றுப்படுகைகளில் ஓடி ஓடி நிற்குமே, அதேதான். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். பிரிட்டனில் இது முதன்முதலில் கூடு கட்டியது 1938இல். பிறகு நாடு முழுக்கப் பரவச் சரளைக் குழிகள்தான் பெரிதும் உதவின. முட்டையும் கூழாங்கல் மாதிரியே இருப்பதால் அதற்கு வெறும் கல் தரைதான் பாதுகாப்பு. வில்லோ மரங்கள் முளைத்துப் பச்சை மூடிவிட்டால் போய்விடும்.

அப்புறம் கிளீவ்லண்ட் ஏரிகள். ஆழம் குறைந்த நீர், தீவுகள், நாணல். இந்தப் பகுதி நீரில் உள்ள சுண்ணாம்பு, நீரைப் பச்சையாகக் கலங்கவைக்கும் பாஸ்பேட் சத்தைப் பிடித்து அடியில் படியவைக்கிறது. தெளிந்த நீரில் காரா பாசி செழிக்கிறது, அதை மேய ஆரஞ்சுத் தலையும் சிவப்பு அலகும் கொண்ட வாத்துகள் வருகின்றன. 2021இல் காட்ஸ்வோல்ட் ஏரிகளில் பெரும்பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

வேறு சில ஏரிகளில் விடுமுறை வீடுகள் தண்ணீர் விளிம்புவரை நிற்கின்றன. செங்குத்தான கரை, படகுத்துறை, வெட்டிய புல்தரை. நாணல் வேர்பிடிக்க அங்கே இடமே இல்லை. வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இனி தோண்டும் குழிகளிலாவது மனை பிரிப்பதற்கு முன்பே கரையின் சரிவை முடிவு செய்யட்டும். பொக்லைன் குழிக்குள் நிற்கும்போதே செய்துவிட்டால் செலவும் குறைவு.