செய்தி அறையின் மௌனமும் சம்பளப் பட்டியலும்

ஊடகத்தில் சுய தணிக்கை என்றால் அரசின் மிரட்டலும் விளம்பரதாரர்களின் நெருக்கடியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவை உண்மையே. ஆனால் பல ஆண்டுகள் உதவி ஆசிரியராகப் பணியாற்றியவள் என்ற முறையில், அதன் வேர் பெரும்பாலும் பணியிடத்தின் ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடியவிருக்கும் செய்தியாளர், காலைக் கூட்டத்தில் எதைச் சொல்லலாம், எதை விட்டுவிடலாம் என்பதைத் தன் வேலை நிலைக்குமா என்ற கவலையோடு சேர்த்தே முடிவு செய்கிறார். அவர் எழுதியதை யாரும் வெட்டுவதில்லை. வெட்டப்படக்கூடியதை அவர் எழுதுவதே இல்லை.

நானும் அப்படி இருந்திருக்கிறேன். சம ஊதியம் குறித்த சிறப்புப் பக்கம் ஒன்றைத் தயாரித்தபோது, ஒவ்வொரு துறையிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் என்ன சம்பளம் என்று விடாமல் கேட்டு வாங்கிய நான், எங்கள் அலுவலகத்தின் கணக்கை மட்டும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை வருத்துகிறது.

1970 மார்ச்சில் அமெரிக்காவின் நியூஸ்வீக் இதழ் பெண்ணுரிமைப் போராட்டத்தை அட்டைப்படக் கட்டுரையாக்கிய அதே நாளில், அங்கு பணியாற்றிய 46 பெண்கள் தங்கள் நிறுவனத்தின் மீதே பாகுபாட்டுப் புகார் அளித்தார்கள். தகவல் திரட்டிச் சரிபார்ப்பது பெண்களின் வேலை, எழுதுவது ஆண்களின் வேலை என்பதே அங்கு நடைமுறையாக இருந்தது. அந்தக் கட்டுரையை எழுதுவதற்குக்கூட வெளியிலிருந்துதான் ஒரு பெண்ணை அழைத்தார்கள்.

பிபிசியில் நடந்தது இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. ஆண்டுக்கு 1,50,000 பவுண்டுக்கு மேல் ஊதியம் பெறுவோரின் பட்டியலை அந்நிறுவனம் 2017 ஜூலையில் வெளியிட வேண்டியிருந்தது. தம்மை ஒத்த பொறுப்பில் இருந்த ஆண்கள் தம்மைவிட எவ்வளவு கூடுதலாகப் பெறுகிறார்கள் என்பதைச் சீனச் செய்திகளுக்குப் பொறுப்பான ஆசிரியராக இருந்த கேரி கிரேசி அதன் வழியாகத்தான் அறிந்தார். 2018 ஜனவரியில் அப்பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தவர்கள் ஊதியச் சர்ச்சை பற்றிய நிகழ்ச்சிகளை நடத்துவதற்கு நடுநிலை விதி தடையாக வந்தது. நடுநிலை நான் மதிக்கும் நெறி. ஆயினும், குறைவாகப் பெறுபவரின் பேச்சைச் சார்பு என்று எண்ணும் விதி, கூடுதலாகப் பெறுபவரின் மௌனத்தை ஏன் அப்படி எண்ணுவதில்லை? அதே ஆண்டு ஜூனில் பிபிசி கிரேசியிடம் மன்னிப்புக் கேட்டு, நிலுவை ஊதியத்தையும் வழங்கியது.

இந்த மௌனத்தின் விளைவு செய்தியிலும் தெரிகிறது. உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டத்தின் கணக்கெடுப்பில், செய்திகளில் இடம்பெறுவோரிலும் கருத்துச் சொல்வோரிலும் பெண்களின் பங்கு 1995இல் 17 விழுக்காடாக இருந்தது. 2020இல்கூட அது 25 விழுக்காட்டைத்தான் எட்டியிருந்தது. ஆசிரியர்களுக்கு ஊடக அறம் பற்றிய பயிலரங்குகளை நடத்துவதற்கு முன், ஒவ்வொரு பொறுப்புக்கும் உரிய ஊதிய வரம்பையும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் விதிகளையும் ஊழியர் அனைவரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.