ஹுகேவ விடுங்க, உருளைக்கிழங்கு லீவுக்கு வாங்க

டென்மார்க்ல இருக்கேன்னு சொன்னா போதும், ஊர்ல இருந்து பேசுற ஆளு யாரா இருந்தாலும் அடுத்த கேள்வி ஹுகே பத்திதான், அதாவது நெருங்கினவங்களோட கதகதப்பா, நிம்மதியா உக்காந்து பொழுத கழிக்கிறது. மெழுகுவத்தி, கம்பளி சாக்ஸ், கையில காபி கப்பு, ஜன்னலுக்கு வெளிய மழை, எல்லாம் இன்ஸ்டாகிராம்ல பாத்திருப்பீங்க. 2016 வாக்குல இங்கிலீஷ்ல புக்கு மேல புக்கா போட்டு இந்த ஒரு வார்த்தைய உலகம் பூரா வித்துட்டாங்க. இத்தனைக்கும் அது இவங்க சொந்த சரக்கு கூட இல்ல, நார்வே பக்கம் இருந்து வந்தது. இங்க இருக்கிறவங்க அதுக்கு கற்பூரம் எல்லாம் காட்டுறதில்ல, வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டே "ஹூக் டை"ன்னு, ஜாலியா இருங்கன்னு, ஒரு வார்த்தை சொல்லிட்டு சைக்கிள எடுத்துட்டு போயிட்டே இருப்பாங்க, அவ்ளோதான்.

என்னைக் கேட்டா, ஒரு ஊர்க்காரங்கள புரிஞ்சுக்க அவங்க பெருமையா எடுத்து நீட்டுற வார்த்தை அவ்வளவா உதவாது. காலண்டர்லயும் லீவு லெட்டர்லயும் கேட்பாரில்லாம கிடக்குற வார்த்தைங்களதான் பாக்கணும்.

காலண்டர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். இங்க ஆபீஸ்ல யாரும் தேதி சொல்றதில்ல, வார நம்பர்தான். "வாரம் 34ல மீட்டிங் வச்சுக்கலாமா"ன்னு சர்வசாதாரணமா கேப்பாங்க, நாம அது ஆகஸ்ட்டா செப்டம்பரான்னு மண்டைக்குள்ள கணக்கு போட்டுட்டு இருப்போம். புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்ற முதல் அட்வைஸ், போன் காலண்டர்ல வார நம்பர் தெரியுற மாதிரி செட்டிங்க மாத்துங்க, வீடு தேடுறதெல்லாம் அப்புறம். இந்த நம்பர்லயே ரொம்ப புகழ்பெற்றது 42. அக்டோபர் நடுவுல வரும், ஸ்கூலுக்கெல்லாம் லீவு. அதிகாரப்பூர்வமா அதுக்கு இலையுதிர்கால லீவுன்னு பேரு, ஆனா வயசானவங்க இன்னமும் கார்டோஃபெல்ஃபெரியேம்பாங்க, அதாவது உருளைக்கிழங்கு லீவு. அந்தக் காலத்துல கிழங்கு தோண்டுற சமயத்துல பிள்ளைங்க வயல்ல வேணும், ஸ்கூல திறந்து வச்சாலும் எவனும் வரப்போறதில்ல, அதனால லீவே விட்டுட்டாங்க. இப்போ மெஷின் தோண்டுது, பிள்ளைங்க ஸ்பெயின்ல இருக்குற மயோர்கா தீவு பீச்சுக்கு போகுதுங்க, பேரு மட்டும் மண்ணோட அப்படியே இருக்கு.

எனக்கு ரொம்ப பிடிச்சது "பார்ன்ஸ் ஃபொர்ஸ்தெ சூயெதே". பிள்ளையோட முதல் சுகவீன நாள். கேக்க ஏதோ கவிதைத் தலைப்பு மாதிரி இருக்கும், ஆனா இது சம்பள ஒப்பந்தத்துல வர்ற வார்த்தை. பிள்ளைக்கு காய்ச்சல் வந்தா முதல் நாள் அம்மாவோ அப்பாவோ வீட்ல இருக்கலாம், ஒப்பந்தத்துல இருந்தா பெரும்பாலும் சம்பளமும் உண்டு. இந்த நாட்டுல குறைந்தபட்ச சம்பளத்துக்குன்னே ஒரு சட்டம் கிடையாதுன்னு சொன்னா நம்ம ஆளுங்க நம்ப மாட்டேங்குறாங்க, நிஜமாவே கிடையாது. சம்பளம், வேலை நேரம் எல்லாத்தையும் யூனியனும் முதலாளிங்க சங்கமும் உக்காந்து பேசி முடிச்சுக்குவாங்க, 1899ல பெரிய கதவடைப்பு ஒண்ணு நடந்து அது ராஜியில முடிஞ்சதுல இருந்து இப்படித்தான் ஓடுது. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில யாரோ ஒருத்தர் பிள்ளையோட காய்ச்சலையும் ஒரு பாயின்ட்டா வச்சிருக்காங்க பாருங்க. எங்க மேனேஜர், ஆம்பளைதான், அன்னிக்கு காலையில குரூப் சாட்ல "பார்ன் சூ"ன்னு ரெண்டே வார்த்தை போட்டாரு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு. ஒன்பது மணிக்கு கிளையன்ட் மீட்டிங் வேற இருந்துச்சு. யாரும் என்னாச்சு ஏதாச்சுன்னு கேக்கல, வைஃப் எங்கன்னு கேக்கல, மீட்டிங்க இன்னொருத்தர் எடுத்து நடத்திட்டாங்க. இதே மெசேஜ நான் முன்ன வேலை பாத்த இடத்துல போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன், வேணாம் விடுங்க.

அடுத்து உறவுமுறை. இங்க விவாகரத்து சகஜம், அதுக்குன்னே ஒரு அகராதி இருக்கு. ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடுன்னு மாறி மாறி இருக்குற பிள்ளைக்கு டேலெபார்ன்னு பேரு, பங்கு போட்டுக்கிட்ட பிள்ளைன்னு அர்த்தம். அம்மாவோட புதுத் துணைவர் பாப்ஃபார், அதாவது அட்டை அப்பா. அட்டைப்பெட்டி அட்டையேதான். கேக்க நல்லா இல்லன்னு இப்போ நிறைய பேரு போனஸ் அப்பா, போனஸ் அம்மான்னு மாத்திக்கிட்டாங்க, எனக்கென்னவோ அட்டை அப்பாவுல ஒரு நேர்மை இருக்குற மாதிரி தோணுது. தாத்தா பாட்டி விஷயத்துல மட்டும் இவங்க நம்மளையே மிஞ்சிடுவாங்க. அப்பாவோட அம்மா ஃபார்மோர், அம்மாவோட அம்மா மோர்மோர். தமிழ்நாட்டுக்காரன் எனக்கு ரெண்டு பேருமே பாட்டிதான், ஆனா ஹெர்னிங் பக்கம் இருக்குற யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு இத விளக்கவே தேவையில்ல, அப்பம்மா, அம்மம்மான்னு அச்சு அசலா அதேதான். எண்பதுகள்ல போருக்குத் தப்பி வந்த குடும்பங்க, டென்மார்க்கோட யூட்லாந்து தீபகற்பம் முழுக்க சின்னச் சின்ன ஊர்ல இருக்காங்க. அங்க பிராண்டேங்குற ஊர்ல இருக்குற அபிராமி அம்மன் கோயில்ல ஒரு குட்டிப் பொண்ணு தோழிகிட்ட டேனிஷ்ல ஃபார்மோர்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் திரும்பி "அப்பம்மா, தண்ணி"ன்னு கத்துச்சு. தாய்மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் கூட இவங்ககிட்ட தனித்தனி பேரு இருக்கு, ஆனா மூத்தவரா இளையவராங்குற கவலை மட்டும் கிடையாது.

மிளகு கதைய சொல்லாம போக முடியாது. 25 வயசுல கல்யாணம் ஆகலன்னா பிறந்தநாள் அன்னிக்கு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேந்து ரோட்டுல நிக்க வச்சு, சில சமயம் லைட் கம்பத்துல கட்டி வச்சு, மேல தண்ணிய ஊத்தி பட்டைத் தூள கொட்டுவாங்க, தண்ணி எதுக்குன்னா தூள் நல்லா ஒட்டணும்ல. 30 தாண்டியும் சிங்கிள்னா மிளகுத் தூள். கல்யாணம் ஆகாத ஆம்பளைக்கு பேரே பெவர்ஸ்வென், மிளகுப் பையன். அந்தக் காலத்துல மிளகு, பட்டை வித்த வியாபாரிங்களோட ஆளுங்க ஊர் ஊரா சுத்தி கல்யாணமே பண்ணிக்காம இருந்தாங்களாம், அதுல இருந்து வந்ததுன்னு விளக்கம் சொல்வாங்க. இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. பிடிக்காத ஆள தொலைஞ்சு போன்னு திட்டணும்னா, மிளகு விளையுற இடத்துக்குப் போம்பாங்க. மொத தடவ கேட்டப்போ எனக்கு சிரிப்பு தாங்கல, அது நம்ம பக்கம்யா! அதுவும் இவங்களே அந்த மிளகுக்காக கப்பல் கட்டி வந்தவங்கதான், 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு தரங்கம்பாடியில கோட்டை கட்டி, 1845ல பிரிட்டிஷ்காரன்கிட்ட வித்துட்டு போற வரைக்கும் இருந்தாங்க.

நன்றி சொல்றதுல இவங்கள அடிச்சுக்க ஆள் இல்ல. சாப்பிட்டு எந்திரிக்கும்போது சின்னப் பிள்ளை கூட சாப்பாட்டுக்கு நன்றின்னு சொல்லும். ஒருத்தர் வீட்டு விருந்துக்கு போயிட்டு வந்து, அவங்கள பல வாரம் கழிச்சு சூப்பர் மார்க்கெட்ல பாத்தாலும் மொத வார்த்தை "தாக் ஃபோ சிஸ்ட்", போன தடவைக்கு நன்றி. ஆனா இங்கிலீஷ்காரன் பேச்சுக்குப் பேச்சு போடுற ப்ளீஸுக்கு இங்க நேரான வார்த்தை கிடையாது, மரியாதைப் பன்மையும் கிட்டத்தட்ட செத்துப்போச்சு, ராஜா ராணிகிட்ட பேசுனா ஒழிய எல்லாருமே "நீ"தான். ரிட்டயர் ஆகப்போற மனுஷன நீன்னு கூப்பிட எனக்கு இன்னமும் நாக்கு கொஞ்சம் இழுக்கும்.

யான்டே சட்டம், அதான் நீ பெரிய ஆளுன்னு நினைக்காதேங்குறது, அத பத்தி ஆளாளுக்கு எழுதியாச்சு. 1933ல வந்த ஒரு நாவல்ல இருக்குறது, அத ஏதோ அரசியல் சாசனம் மாதிரி பேசுறவங்கள பாத்தா எனக்கு அலுப்பா வருது.

நம்மள மாதிரி ஆளுங்க தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய வார்த்தை வேற, ஹுகேரசிஸ்மே. சொந்த வட்டத்துல ஜாலியா உக்காந்து குடிச்சுக்கிட்டு, கெட்ட எண்ணம் இல்லாத மாதிரியே அடிக்கிற இனவெறி ஜோக்குக்கு இவங்களே வச்ச பேரு. ஹுகேல எழுதாத ரூல் ஒண்ணு உண்டு, சண்டை கூடாது, சூடான பேச்சு கூடாது, அதனால அந்த மேசையில எதுத்துக் கேக்குறவன்தான் மூட கெடுத்தவன் ஆயிடுவான். போன டிசம்பர் கிறிஸ்துமஸ் விருந்துல ஹெர்ரிங் மீன் தட்டு முடிஞ்சு ஸ்னாப்ஸ் சாராயம் ரவுண்டு போயிட்டு இருக்கும்போது ஒருத்தர் என் டிபன் பாக்ஸ் வாசனைய வச்சு ஏதோ சொன்னாரு, மேசையே சிரிச்சுது, நான் பேசாம ரொட்டியில வெண்ணெய் தடவிக்கிட்டு இருந்தேன். எதுத்தாப்புல இருந்த டேனிஷ் பொண்ணுதான் "இதுக்குப் பேரு ஹுகேரசிஸ்மே, தெரியும்ல"ன்னு அவரு மூஞ்சிக்கு நேராவே கேட்டா. சும்மா ஜோக்குதானேன்னாரு. அவ விடல, ஜோக்குன்னா இவனும் சேந்து சிரிச்சிருக்கணுமேன்னு என்னைக் காட்டிக் கேட்டா.