பல்கலைக்கழகச் சேகரிப்பு: முதலில் பட்டியலைப் போடுங்கள்

பல்கலைக்கழகத்தில் நூலகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆவணக்காப்பகம் ஒன்று இருப்பது வரலாற்றுத் துறைக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் துணைவேந்தர் அறையிலும் விருந்தினர் விடுதி மாடிப்படியிலும் தொங்கும் ஓவியங்கள் யார் பொறுப்பு என்று கேட்டால், கட்டடப் பிரிவு பதிவாளர் அலுவலகத்தைக் காட்டும், பதிவாளர் அலுவலகம் நூலகத்தைக் காட்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிதி வந்தால் ஸ்கேனருக்கும் கண்காட்சிக்கும் முன்னால் பட்டியலுக்குச் செலவு செய்யுங்கள்.

மூன்றுக்கும் ஒரே மாதிரி பட்டியல் போட முடியாது, சிக்கலே அங்கேதான். அச்சுப் புத்தகத்துக்கு வேறு பிரதிகள் இருக்கும், இன்னொரு நூலகம் தயாரித்த பதிவை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். நூல் விவரங்களைக் கணினி படிக்கும்படி எழுதும் மார்க் (MARC) வடிவம் 1960-களில் உருவானதே இதற்குத்தான். ஆவணம் அப்படியில்லை. ஓய்வு பெற்ற பேராசிரியரின் அறையிலிருந்து பெட்டிகள் வருகின்றன என்று வையுங்கள். பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று கடிதங்களைத் தனியாக, பாடக்குறிப்புகளைத் தனியாக, புகைப்படங்களைத் தனியாக யாராவது பிரித்து அடுக்கிவிட்டால் போச்சு, எந்தக் கடிதம் எந்தக் கோப்பில் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற செய்தி அதோடு அழிந்துவிடும், அதை மறுபடி கொண்டுவரவே முடியாது. ஓரிடத்திலிருந்து வந்த தாள்களை ஒன்றாகவே வைக்க வேண்டும், வேறொன்றோடு கலக்கக்கூடாது என்ற விதியை பிரான்ஸ் அரசு 1841-லேயே சுற்றறிக்கையாகப் போட்டது. இன்றும் ஆவணக்காப்பகங்கள் அதை வைத்துத்தான் ஓடுகின்றன.

பெட்டியைத் திறந்ததும் செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ரப்பர் பேண்ட் இளகி, காய்ந்து, தாளோடு ஒட்டியிருக்கும். குண்டூசி துருப்பிடித்துப் பழுப்புக் கறை இறக்கியிருக்கும். அதைப் பிடுங்கக்கூடாது, தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, தாள் கிழியாமல் மெதுவாக நகர்த்தி எடுக்க வேண்டும். எண் போடுவது பென்சிலால் மட்டும். வெள்ளைத் துணிக் கையுறை போட்டால்தான் ஆவண வேலை என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அந்தத் துணியில் விரலுக்கு உணர்ச்சி குறைந்து தாளின் ஓரம் கிழிவதுதான் மிச்சம். பெரும்பாலான தாள்களுக்குக் கழுவி நன்றாகத் துடைத்த கையே போதும். புகைப்படத்துக்கு மட்டும் கையுறை அவசியம், அதுவும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்தது.

ஓவியம் என்றால் நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்தை. பழைய கண்காட்சிச் சீட்டு, சட்டம் போட்ட கடையின் முத்திரை, மரச்சட்டத்தில் கிறுக்கிய பெயர் என்று படம் எங்கிருந்து வந்தது என்பதற்கான சாட்சி எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அதனால் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் படமெடுத்து வைக்க வேண்டும். நன்கொடையா, இரவலா, விலைக்கு வாங்கியதா, நன்கொடைக் கடிதத்தில் நிபந்தனை உண்டா என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். அப்புறம் வெளிச்சம். நீர்வண்ண ஓவியத்துக்கும் தாளில் வரைந்ததற்கும் வழக்கமாகச் சொல்லும் அளவு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), ஜன்னலோரச் சுவரில் அதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் விழும். வெளுத்த நிறம் திரும்பாது. அந்த அறையில் படம் வேண்டும் என்று அதிகாரி கேட்டால் நல்ல பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, மூலத்தைக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஏன் பட்டியல், பட்டியல் என்கிறேன்? 2021 ஏப்ரல் 18 அன்று மலையில் பற்றிய தீ பரவி கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்தை எரித்தது. வாசிப்பறை போய்விட்டது. தீத்தடுப்புக் கதவுகள் இருந்ததால் அடித்தளக் கிடங்குகளுக்கு நெருப்பு இறங்கவில்லை, ஆனால் தீயணைக்க அடித்த தண்ணீர் இறங்கியது. நனைந்த தாளில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் கிளம்பிவிடும், பளபளப்புத் தாள் என்றால் பக்கங்கள் ஒட்டிக் கட்டையாகிவிடும், காய வைக்க நேரம் இல்லாததை உறையவைத்தாவது நிறுத்த வேண்டும். அந்த மாதிரி நேரத்தில் எதை முதலில் தூக்குவது? எது எந்த ரேக்கில் இருந்தது, எதற்கு உலகத்தில் வேறு பிரதியே இல்லை என்று எழுதி, கட்டடத்துக்கு வெளியேயும் ஒரு நகல் வைத்திருந்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். எது போனது என்று தெரிவதற்கும் அதுதான் வழி.

தீ மட்டும் ஆபத்து இல்லை. பெல்ஜியத்தில் லூவேன் பல்கலைக்கழகம் மொழிவாரியாக இரண்டாகப் பிரிந்தபோது நூலகத்தையும் பங்கு போட்டார்கள், ஒற்றைப்படை அலமாரி எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் இன்னொரு பக்கம் என்று! முதல் உலகப் போரில் ஒரு முறையும் 1940-ல் மறுபடியும் எரிந்து, மீண்டும் சேர்த்த நூலகம் அது. படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. 2009-ல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம், நிதி நெருக்கடியில் தன் ரோஸ் கலைக்கூடத்தை மூடி ஓவியங்களை விற்க முடிவெடுத்தது. எதிர்ப்பும் வழக்குமாகப் போய், 2011-ல் சமரசம் ஆகி கலைக்கூடம் பிழைத்தது. 2014-ல் அதே நாட்டின் ராண்டால்ஃப் கல்லூரி, அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் பெல்லோஸின் ஓவியம் ஒன்றை 2.55 கோடி டாலருக்கு லண்டன் தேசிய கலைக்கூடத்துக்கு விற்றேவிட்டது. நெருக்கடி வந்தால் நிதிக்குழுவின் கண்ணுக்கு ஓவியம் என்பது சுவரில் தொங்கும் பணம். அது எப்படி வந்தது, என்ன நிபந்தனையோடு வந்தது, எந்த வகுப்புகள் அதை வைத்துப் பாடம் நடத்தின என்ற பதிவு இருந்தால்தான் எதிர்த்துப் பேச முடியும். இதனால்தான் எந்த மாணவர் எந்தப் பெட்டியைக் கேட்டார் என்ற கணக்கை நான் விடாமல் எழுதச் சொல்கிறேன்.

பெரிய மென்பொருள் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். எண், என்ன பொருள், எங்கே இருக்கிறது, எப்படி வந்தது, என்ன நிலையில் இருக்கிறது என்று ஐந்து கட்டம் போட்ட எக்செல் போதும். விரிவான விவரணை பிறகு வரட்டும். கூடவே, எதைச் சேர்ப்போம், எதை எந்தக் காரணத்துக்காக நீக்குவோம், விற்றால் அந்தப் பணம் எதற்குப் போகும் என்று இரண்டு பக்கக் கொள்கை ஒன்றை எழுதி ஆட்சிக்குழுவில் நிறைவேற்றி வாங்கிவிடுங்கள். பட்ஜெட் நன்றாக இருக்கும் வருடத்திலேயே வாங்கிவிடுங்கள், நெருக்கடி வந்த பிறகு அதில் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.