சூப்பானை மறக்கடித்த நாட்கள்

தாய்ப்பாலை நிறுத்துவதை எங்கள் வீட்டில் ‘பால் மறக்கடிப்பது’ என்றுதான் சொல்வார்கள். என் மகள் ஒன்றரை வயதில் பாலைத் தானாகவே மறந்துவிட்டாள். இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆனபோது நாங்கள் அவளுக்கு மறக்கடிக்க வேண்டியிருந்தது சூப்பானை, குழந்தை வெறுமனே சூப்புவதற்குக் கொடுக்கும் ரப்பர் காம்பை.

அது எங்கள் வீட்டுக்குள் வந்தது அவளுடைய நான்காவது மாதத்தில். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் அழுகை ஒன்பது மணிவரை ஓயாமல் நீடித்த ஒரு நாளில், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் கொடுத்த பொருட்களுக்குள் கிடந்த சூப்பானைக் கொதிநீரில் போட்டெடுத்து அவள் வாயில் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் அழுகை அடங்கியது. பாலுக்காக அன்றி வெறுமனே சூப்புவதிலும் குழந்தைக்கு ஆறுதல் கிடைக்கிறது. வயிற்றில் இருக்கும்போதே விரல் சூப்பும் சிசுக்களை ஸ்கேனில் பார்க்க முடிகிறது. எங்கள் பாட்டி காலத்தில் குழந்தையின் கையில் கட்டிய வசம்பு வளையலும் பாதி நேரம் வாயில்தான் இருந்திருக்கும்.

கொடுத்தது தவறா என்று அப்போது நிறையப் படித்தேன். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இல் வகுத்த தாய்ப்பாலூட்டலுக்கான பத்துப் படிகளில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சூப்பான் கொடுக்கவே கூடாது என்று இருந்தது. 2018இல் திருத்தியபோது, அதன் பயன்பாட்டையும் அபாயங்களையும் தாய்க்கு எடுத்துச்சொல்ல வேண்டும் என்று மாற்றினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமோ, பாலூட்டல் நன்றாக நிலைபெற்ற பிறகு தூங்கும் நேரத்தில் சூப்பான் கொடுப்பது, தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணத்தின் அபாயத்தைக் குறைக்கும் என்கிறது. ஆகவே கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை. ஆறு மாதம் கடந்ததும் குறைக்கத் தொடங்குங்கள் என்று எங்கள் குழந்தை மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் விட்டதற்காகவே வருந்துகிறேன்.

பதினான்காவது மாதத்தில் ஒருமுறை, பதினெட்டாவது மாதத்தில் மறுமுறை என்று அவளுக்குக் காதில் சீழ் வந்தது. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறு குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால், ஓயாமல் சூப்பும்போது தொண்டையிலுள்ள கிருமிகள் காதுக்கு எளிதாக ஏறிவிடலாம் என்று மருத்துவர் விளக்கினார். அதற்குப் பிறகும் நாங்கள் விழித்துக்கொள்ளவில்லை. வாயை மூடினாலும் மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் தொடாமல், நடுவே சூப்பானின் அளவுக்கு ஓர் இடைவெளி தெரிவதை என் கணவர் ஒருநாள் பல் துலக்கிவிடும்போது கவனித்தார். பழக்கத்தை இப்போதே நிறுத்தினால் அந்த இடைவெளி பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், மூன்று வயதைத் தாண்டவிட்டால் மேல்தாடையே குறுகிப்போகக்கூடும் என்று பல் மருத்துவர் சொன்னார். அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

முதலில் செய்தது பெரும் பிழை. பால் மறக்கடிக்கக் கற்றாழைச் சாற்றையோ வேப்பெண்ணெயையோ மார்பில் தடவிக்கொள்வது ஊரில் பழைய வழக்கம். அத்தை தம் இரு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்ததாகச் சொன்னார், அக்கறையோடு சொன்னார். நான் சூப்பானின் நுனியில் வேப்பெண்ணெயைத் தொட்டுவைத்தேன். மகள் வாயில் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், வெளியே எடுத்து உற்றுப் பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்து, “அம்மா, கழுவு” என்று நீட்டினாள். கசப்பைப் போட்டவளே நான் என்ற எண்ணம் அவளுக்குத் துளியும் எழவில்லை. எது கெட்டுப்போனாலும் சரிசெய்து தருபவள் அம்மா என்பது மட்டுமே அவளுக்குத் தெரிந்திருந்தது. கழுவிக் கொடுத்தேன். அன்றிரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. வேப்பெண்ணெய் உள்ளே போனால் சிறு குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும்கூட வரக்கூடும் என்பதைப் பிறகு படித்தபோது நெஞ்சு நடுங்கியது. இதை வாசிக்கும் தாய்மார்கள் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். சூப்பானின் நுனியைக் கத்தரித்துக் கொடுக்கும் முறையும் வேண்டாம். கத்தரித்த இடத்திலிருந்து துண்டு பிய்ந்து தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம்.

ஏமாற்றாமல், அவளுக்குத் தெரிந்தே செய்வது என்று முடிவெடுத்தோம். “காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிடு” என்றார் அத்தை. தினமும் காலையில் மொட்டைமாடிச் சுவரில் சோறு வைத்து அந்தக் காக்கையைக் கூவி அழைப்பவள் என் மகள். அவளுடைய கண்ணில் அதைத் திருடனாக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தையும் அதைக் கேட்டுச் சிரித்து ஒப்புக்கொண்டார்.

சூப்பானைத் தூளியின் கயிற்றில் கட்டித் தொங்கவிடக் கூடாது என்பதால் (கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு) தூளிக்குப் பக்கத்தில், அவளுக்கு எட்டும் உயரத்தில், ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்தோம். “சூப்பான் தூளிக்குள்ள மட்டும்தான்” என்பது ஒரே சட்டம். வேண்டும் என்று கேட்டால் மறுப்பே கிடையாது, ஆனால் தூளிக்குள் ஏறிக்கொள்ள வேண்டும். முதல் வாரம் அவள் விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வந்து ஏறினாள். ஐந்து நிமிடம் சூப்பிவிட்டு, தானே கிண்ணத்தில் போட்டுவிட்டு இறங்கி ஓடுவாள். இரண்டாம் வாரத்தில் தூளியைவிட விளையாட்டு பெரிதாகிவிட்டது. பகலில் வாய் ஓய்ந்ததும் பேச்சு தெளிந்தது. அதுவரை ‘அன்னி’ என்று எங்கள் காதில் விழுந்த சொல் ‘தண்ணி’ ஆனது. நாக்கின் நுனி பல்லைத் தொடுவதற்கு இடமே இல்லாமல் இருந்திருக்கிறது.

இரவு அவ்வளவு எளிதாக இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, “நாளைக்கு ராத்திரியிலேர்ந்து சூப்பான் இல்லம்மா, அம்மா பக்கத்துலயே இருப்பேன்” என்று அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். மறுநாள் முக்கால் மணி நேரம் அழுதாள். அடுத்த இரவு அரை மணி. மூன்றாம் இரவு மறுபடியும் முக்கால் மணி. அந்த மூன்றாம் இரவில்தான் எல்லோரும் கைவிட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் கிண்ணத்தை நோக்கி எழுந்தேன். நான் நள்ளிரவில் தேடி எடுத்துவிடுவேன் என்று தெரிந்து, என் கணவர் அதை அன்று மாலையே குப்பையில் போட்டுவிட்டிருந்தார். வேறு வழியின்றி அவளைத் தோளில் சாய்த்து நடந்தேன். அழுதபடியே என் பழைய சுங்குடிச் சேலையின் முந்தானையைப் பிடித்து, நுனியை விரல்களுக்கிடையே உருட்டத் தொடங்கினாள். உருட்டிக்கொண்டே தூங்கிப்போனாள். சூப்பானுக்குப் பதிலாக என்ன தருவது என்று நான் கடைகடையாகத் தேடிய பொம்மைகள் எல்லாம் அலமாரியிலேயே இருந்தன.

ஒரு வாரம் விரல் சூப்பினாள். அது எனக்குப் பெரிய பயம், ஏனென்றால் விரலைக் குப்பையில் போட முடியாது. கையில் முந்தானை நுனியைக் கொடுத்தபோதெல்லாம் விரல் வாயிலிருந்து வெளியே வந்தது. அதுவும் நின்றது.

இரண்டு மாதம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நள்ளிரவில் விழித்து, “அம்மா, சூப்பான்” என்றாள். இல்லையம்மா என்றேன். சற்று நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் கையை நீட்டி, “சேலை குடு” என்றாள்.