கேட்காமல் விட்டது

களவு வழக்கில் நான் ஆஜராகும் பெடியனிடம், அன்றைக்கு மழை பெய்ததா என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "ஓம் சேர், நல்ல மழை" என்றான். எங்கே ஒதுங்கினாய் என்றால் கோயில் மண்டபத்தில் என்கிறான். ஆவணி மாதம், யாழ்ப்பாணத்தில் ஒரு துளி விழவில்லை. தண்ணீர்ப் பம்ப் களவு பற்றி அவன் பொலிஸில் சொன்னதும் இதே சீரில்தான் இருந்திருக்கும். அது பரவாயில்லை, பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் சான்றுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி செல்லாது. நீதிவான் குற்றப்பத்திரத்தை வாசித்துக் கேட்கும்போது இவன் "ஓம்" என்றால்தான் கதை முடிந்தது.

நியூசிலாந்தில் டெய்னா போரா என்றொருவர், 17 வயதில் செய்யாத கொலையை ஒப்புக்கொண்டு 20 வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். கொலை நடந்த வீட்டைக் காட்டச் சொன்னபோது அவரால் காட்டக்கூட முடியவில்லை. கருவில் இருக்கும்போது தாய் குடித்த மதுவால் மூளைக்கு வந்த பாதிப்பு அவருக்கு இருந்தது என்ற சான்றை ஏற்று, 2015இல் லண்டன் பிரிவி கவுன்சில் என்ற மேன்முறையீட்டு மன்று தீர்ப்பை ரத்துச் செய்தது. அதை வாசித்த நாளிலிருந்து இந்தப் பெடியனை வேறுமாதிரித்தான் பார்க்கிறேன். ஞாபகத்தில் இல்லாததை இட்டுக்கட்டி நிரப்புவான், ஆனால் பொய் சொல்கிற எண்ணம் இருக்காது. தவணைத் திகதியை மறந்துவிட்டுப் பிடியாணையில் வருவான். பேச்சு நல்ல சரளம், அதனாலேயே ஒருவரும் நம்ப மாட்டார்கள். மெல்லிய மேலுதடு மாதிரி முக அடையாளங்கள் இந்தப் பாதிப்புள்ள பெரும்பாலானோருக்கு இருப்பதில்லை, இவனுக்கும் இல்லை. அடையாளம் இல்லாவிட்டால், கர்ப்பகாலத்தில் தாய் குடித்தாரா என்பது தெரியாமல் வைத்தியர் உறுதியாக எழுதமாட்டார்.

பெடியனின் அம்மா வெளியே வாங்கில் இருந்தார். அவராகத்தான் தொடங்கினார்.

"தம்பி, இவனுக்கு என்ன வருத்தமெண்டு எழுதப்போறியள்?"

"படிப்பு ஏறாத பிள்ளை எண்டு எழுதுவம் அம்மா."

"அவ்வளவுதானோ?"

நான் ஓம் என்றேன். அந்த "அவ்வளவுதானோ" நிம்மதியில் வந்ததா, இல்லை நான் கேட்கட்டும் என்று காத்திருந்து வந்ததா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கர்ப்பத்தில் குடித்தீர்களா என்று கேட்டிருந்தால் பதில் அறிக்கையில் ஏறும், திறந்த மன்றில் வாசிக்கப்படும், பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும். தகப்பன் குடித்துவிட்டு வேலியில் விழுந்து கிடந்ததை எந்த மன்றும் கேட்டதில்லை. ஆகவே நான் செய்தது சரிதான். ஆனால் அவமானம் என்று முடிவுகட்டியது நான், அந்த அம்மா இல்லையே. மகன் மறியலுக்குப் போகாமலிருக்க அவர் எதைச் சொல்லத் தயாராக இருந்தாரோ!

அப்புறம் இன்னொன்று. "சுற்றவாளி", அதாவது குற்றமற்றவன், என்று சொல்ல அவனுக்கு நான்தான் பழக்கினேன், மன்றில் அச்சொட்டாகச் சொன்னான். பொலிஸார் சொல்லச் சொன்னதையும் இப்படித்தானே சொல்லியிருப்பான்?

வழக்கு விளக்கத்துக்கு, அதாவது விசாரணைக்கு, போட்டிருக்கிறது. பொம்பிளைப் பிள்ளையான தான் கேட்டால் அம்மா சொல்லுவா என்கிறாள் என் ஜூனியர். சொல்லக்கூடும். சொன்னதை மன்றில் வைப்பதா, வழக்குக் கோவைக்குள்ளேயே வைத்திருப்பதா என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் இழுபறி.